தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி

மொன்டானாவில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த வெண்டலுக்குப் புரியவேயில்லை. கடைக்குப் புதிதாக வந்த வாடிக்கையாளர் லொரெட்டா, ஒவ்வொரு ரைஃபிளையும் மேசைமேல் இருந்த தாங்கியில் வைத்து, இடக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடியே குறிபார்த்தாள்.

"கை குளிருதா மேடம்? ஹீட்டரைக் கூட்டட்டுமா? போல்ட்டைக் கையால இழுத்து தோட்டா ஏத்துற இந்த ரைஃபிள்ல எதுவும் சிக்கவே சிக்காது."

"ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து போல்ட்டை இழுக்கணும். குறி தப்பிடுது."

"அதுக்குத்தான் ரெண்டு கை இருக்கே!"

"எனக்கு இருக்கு. பக்கவாதம் வந்ததிலேருந்து என் வீட்டுக்காரருக்கு இடக்கை அசையல. ஞாயித்துக்கிழமை அவர் சுடப் போயிட்டிருந்த கிளப்புல வெடிச்சத்தம் கேட்டா, ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கிறார்."

வெண்டல் போய் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை எடுத்துவந்தான்.

"எளிமையானது, நம்பலாம். சுட்ட வேகத்துலயே காலிக்கூட்டை வெளிய தள்ளிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏத்திக்கும். துப்பாக்கியோட பாரத்தை இந்தத் தாங்கியே பார்த்துக்கும். அவர் வலக்கையால விசையை அழுத்தினாப் போதும்."