மூன்று பல்

"ஓடுமா, ஓடாதா?" கமாண்டர் ஹம்ரூஷின் துப்பாக்கி என் பிடரியில் அழுந்தியது.

திரிப்போலி மருத்துவமனை ஒன்றிலிருந்து அவன் ஆட்கள் தூக்கிவந்த கம்ப்யூட்டர் அது; பழுதுபார்க்கும் உஸ்தா என்று என்னையும் இழுத்துவந்திருந்தார்கள். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் திரை ஒளிர்ந்தது.

"இனி பாஸ்வேர்டுதான், கமாண்டர்." கீபோர்டில் இரண்டு பட்டன்களைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

அவனோடு மோதிக் காயம்பட்டவர்களை மருத்துவமனை ஒளித்துவைத்த நாற்பது வீடுகளின் முகவரி அதற்குள் இருந்தது. அதைப் பதிந்த குமாஸ்தா மிஃப்தாஹ் நாற்காலியில் கட்டப்பட்டிருந்தான்.

முதல் அடியிலேயே உடைந்துபோனான். "எம் பொண்ணு பேரு, நஜ்வா. இங்கிலீஷ்ல!"

ஹம்ரூஷ் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினான். தவறு என்றது திரை. துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தான். ஒரு பல் தெறித்தது.

"வல்லாஹி, நஜ்வாதான்!"

மீண்டும் தவறு. இன்னொரு பல். மூன்றாம் முறையும் அப்படியே.

"எனக்கே தண்ணி காட்டுறியா, நாயே?" வெறியில் கம்ப்யூட்டரைச் சுட்டுச் சல்லடையாக்கினான். "உஸ்தா, இந்தப் பொணத்தை வெளிய தூக்கிப் போடு!"

தெருமுனை வரை சுமந்து வந்தேன். தோளில் அவன் விம்மினான்.

"தாங்க முடியல உஸ்தா, நிஜத்தைச் சொல்லிட்டேன். ஏன் திறக்கல?"

"எந்திரிக்கும்போது கீபோர்டை அரபிக்கு மாத்திட்டேன். அவன் தட்டினது அத்தனையும் அரபி எழுத்து. திரையில வெறும் புள்ளிதானே தெரியும்?"

மிஃப்தாஹ் ரத்தத்தைத் துப்பினான்.

"அடப்பாவி, அப்போ மூணு பல்லும் உண்மை சொன்னதுக்கா போச்சு?"