இறுகிக்கொண்டே இருக்கும் போல்ட்

எங்கள் பஸ் பாடி பட்டறையின் ஃபோர்மேன் துரைக்கண்ணன். போல்ட் மாட்டுவதற்காகத் தகட்டுத் துளையில் ரிவெட் நட்டை நுழைத்து, அதற்கான கருவியின் பிடியை முழுக்க அமுக்கினால்தான் நட் பின்பக்கம் புடைத்துத் தகட்டைக் கவ்வும். இந்த மகாராஜா பாதிதான் அமுக்குவான்.

“முன்னாடி பாத்தா எல்லாம் ஒண்ணுதான். பின்னாடி எவன் பாக்கப்போறான்?”

படிக்கட்டுக் கம்பிக்கு அவன் போல்ட் மாட்டும்போது பஸ் முதலாளி வந்து நின்றார். கூட்டம் தொங்கப்போகிற கம்பி அது. போல்ட்டைத் திருகத் திருக உள்ளே தகட்டைக் கவ்வாத நட்டும் சேர்ந்து சுற்றியது. இறுகவும் இல்லை, கழலவும் இல்லை.

“டைட் ஆயிட்டே இருக்கு சார்” என்றான் கூசாமல்.

முதலாளி சாப்பிடப் போய்த் திரும்பினார். அவன் இன்னும் திருகிக்கொண்டிருந்தான்.

“இன்னும் கொஞ்சந்தான் சார்.”

உட்கார்ந்தே திருகட்டும் என்று நான் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.