கூடாரத்தில் கேட்ட சத்தம்

"நட உள்ளே!" என்று புது மருமகள் பெகாயிமின் கையைப் பிடித்து, கிர்கிஸ்தானின் நாரின் நகரத்துப் பல் மருத்துவரின் முன் இழுத்து வந்து நிறுத்தினாள் மாமியார் குல்ஸாத்.

"டாக்டர், ராத்திரி பூரா பல்லை நறநறன்னு கடிக்கிறாளாம். பக்கத்துக் கூடாரத்துக்காரி கேட்டுட்டு வந்து சிரிக்கிறா. எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்காத கோபம், வேறென்ன? மேய்ச்சல் வெளி முழுக்க என் மானம் போச்சு!"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெகாயிம் அவமானத்தில் குறுகிப்போய், முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இது கோபம் இல்லை, அக்கா. கடிக்கிறவங்களுக்கே தெரியாம தூக்கத்துல நடக்குறது. படுக்கும்போது பல்லுக்குக் கவசம் போட்டுக்கிட்டா தேயாது. வாயைத் திற, தங்கச்சி."

விளக்கைத் திருப்பிப் பார்த்தவரின் நெற்றி சுருங்கியது.

"ஒரு பல்கூடத் தேயலையே! கடிக்கிறது நீ இல்லை. புருஷனா?"

"அவர் மாஸ்கோவுல வேலை பார்க்கிறார்."

"அப்போ கூடாரத்துல வேற யாரு? பேரைச் சொல்லு."

பெகாயிம் தரையைப் பார்த்தாள். "அந்தப் பேரை நான் சொல்லக் கூடாது, டாக்டர்."

மருத்துவரும் கிர்கிஸ்காரர்தான். மாமனார், மாமியார் பெயரை எந்த மருமகளும் வாயால் சொல்ல மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

"மாமனாரா?"

"அவருதான் எப்பவோ காலமாயிட்டாரே!" என்று குறுக்கே பாய்ந்தாள் குல்ஸாத்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"டாக்டர்..." என்றாள் விரலிடுக்கு வழியாக. "அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துறீங்களா?"