நாலு கிலோ

காரவள்ளியில் தொடங்கி, கொல்லிமலையைச் சுற்றிவிட்டு இறங்கும் எண்பது கிலோமீட்டர் குதிரைப் பந்தயத்தில் தேன்மொழிதான் முதலில் வந்தாள். மிளகு மூட்டை சுமந்து பழகிய அவளுடைய மட்டக்குதிரை, லாரியில் வந்திறங்கிய இருபது குதிரைகளைப் பின்னால் விட்டிருந்தது. அதன் நாடித்துடிப்புகூட சீராக இருந்தது.

சேணத்தை அவிழ்த்தபோதுதான் ஈயக்கட்டிப் பையைக் காணோம் என்று தெரிந்தது. ஆளும் சேணமும் சேர்ந்து அறுபது கிலோ இருந்தாக வேண்டும். குறைகிற நாலு கிலோவுக்குத்தான் அந்தப் பை. எந்த வளைவில் அறுந்து விழுந்ததோ.

பொய் சொல்லி வாங்கும் கோப்பை அவளுக்கு வேண்டாம்.

“ஈயப் பை வழியில வுளுந்துருச்சுங்க, டாக்டரம்மா.”

“எதுக்கும் ஏறுங்க, பாத்துருவோம்,” என்றார் கால்நடை மருத்துவர் ஸ்டெல்லா.

சேணத்தை அணைத்தபடி எடைமேடையில் ஏறினாள். அறுபது. ஸ்டெல்லா இரண்டு முறை பார்த்து எழுதிக்கொண்டார். மலைச்சனம் மொத்தமும் கைதட்டியது. தேன்மொழி நிமிர்ந்த தலையோடு இறங்கினாள்.

மேடையில் யாரும் இல்லை. முள் நாலில் நின்றது.

ஸ்டெல்லா மேடையைக் காலால் தட்டினார். முள் ஆடிவிட்டு மறுபடி நாலுக்கே வந்தது.

தேன்மொழி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேணத்தைக் குதிரைமேல் போட்டு வாரை இறுக்கினாள்.

“செயிச்சுட்டோம். வா சாமி, ஊட்டுக்குப் போலாம்,” என்றாள், வெறும் எடைமேடையைப் பார்த்து.

முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. முதுகில் ஆள் ஏறும்போது செய்வதுபோலவே குதிரை காலை அகட்டி ஊன்றிக்கொண்டது.

தேன்மொழி இன்னும் கீழேதான் நின்றிருந்தாள்.