கண்ணாடிக்கு எதிரே ஒரு மீன்

"இது அழுகல் இல்ல ஆன்ட்டி. பயப்படாதீங்க, சாவாது."

கடைக்காரப் பெண் அப்படிச் சொன்ன பிறகுதான் சவுரியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வழிநெடுக மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்த பாட்டில் இப்போது அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. உள்ளே நீல நிற ஃபைட்டர் மீன், துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தது. விசிறி மாதிரி விரிந்திருந்த வால், அங்கங்கே கிழிந்து தொங்கியது.

வாணியம்பாடி பஜாரில் சின்னக் கடைதான். சுவர் முழுக்கத் தொட்டிகள். வாசலில் 'ஜோயா அக்வேரியம்' என்று பலகை. அந்த ஜோயா இவள்தான் என்பது, பக்கத்துக் கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதிலேயே தெரிந்துவிட்டது.

"எப்டிம்மா பாத்த ஒடனே சொல்ற?"

"அழுகலா இருந்தா ஓரமெல்லாம் கறுத்துப் போய், கரைஞ்சிகினே வரும். இது துணி கிழிஞ்ச மாதிரி கிழிஞ்சிருக்கு பாருங்க. எதுலயாவது மாட்டியிருக்கணும், இல்லனா டென்ஷன்ல அதுவே கடிச்சிருக்கும். றெக்கைய மடக்கிக்கினு கெடக்குதே, அதுவும் டென்ஷன்தான்."

"மீனுக்கு இன்னாம்மா டென்ஷன்?"

ஜோயா சிரித்தாள். "ஏன், நமக்கு மட்டும்தானா? தொட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

"முன்ன கூடத்துல ஜன்னலோரமா இருந்திச்சி. எங்க வூட்டுக்காரருதான் அவரு ரூமுக்குத் தூக்கினு போய்ட்டாரு. பீரோவுக்கு எதிர்ல வச்சிருக்காரு."

"பீரோல கண்ணாடி இருக்கா?"

"ஆள் ஒசரத்துக்கு இருக்கு."

"அதான். கண்ணாடில தெரியறது தான்தான்னு இதுக்குத் தெரியாது ஆன்ட்டி. வேற ஒரு மீன் வந்து நிக்குதுன்னு நெனச்சி, நாள் பூரா செவுள விரிச்சிக்கினு சண்டைக்கு நின்னிருக்கும். பாவம், களைச்சிப் போயிருக்கு."

சவுரியம்மாள் மீனையே பார்த்தாள். "அவருக்கும் இது தெரியாதும்மா. தோல் கம்பெனில ஷிப்டு முடிஞ்சி வந்தா, கட்டில்ல படுத்துக்கினு இதத்தான் பாத்துனு இருப்பாரு. இது சாப்பிடலன்னு அவரும் தட்டத் தள்ளி வச்சிடறாரு."

"அவ்ளோ ஆசையா?"

"பையன் வளத்த மீனும்மா. அவன் இப்ப எங்ககூட இல்ல." சட்டென்று நிறுத்தி, "வேற ஊர்ல வேல" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஜோயா பாட்டிலோடு திரும்பினாள். அகலமான தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, காய்ந்த வாதாம் இலையைப் போட்டாள். பாட்டிலை அதில் மெதுவாக மிதக்கவிட்டாள்.

"இந்த எலைல தண்ணி டீ கலர்ல ஆவும். இதுக்கு அதுதான் ஒத்துக்கும். தண்ணி சுத்தமா இருந்து, கண்ணாடிய விட்டு நவுத்தி வச்சா போதும். வால் வளந்துடும்."

"நெஜமாவே வளருமா?"

"வளரும். கொஞ்சம் நாளாவும், அவ்ளோதான்."

சவுரியம்மாள் கடையின் உள்பக்கம் எட்டிப் பார்த்தாள். "நீ ஒருத்தியேவா கடையப் பாத்துக்கிற?"

"எங்க வூட்டுக்காரரு சரக்கெடுக்க மெட்ராஸ் போயிருக்காரு."

"உன்ன நல்லா வச்சிக்கிறாராம்மா?"

முன்பின் தெரியாதவளிடம் கேட்கிற கேள்வியா என்று கேட்ட பிறகுதான் தோன்றியது. ஜோயா தலை நிமிராமலே, "நல்லா வச்சிக்கிறாரு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து பாட்டிலைச் சாய்த்து மீனைத் தொட்டிக்குள் விட்டாள். அது இலைக்கு அடியில் போய் நின்றது. பிறகு ஒரு துடுப்பை விரித்தது. சவுரியம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"இது இங்கயே இருக்கட்டும். மறுபடியும் பஸ்ல குலுக்கினு போனா ஜாஸ்தியா பயந்துடும்" என்றாள் ஜோயா. "ஞாயித்துக்கெழம நாங்களே ஆம்பூருக்குக் கொண்டாந்து குடுத்துடறோம்."

எந்த ஊர் என்று சவுரியம்மாள் சொல்லவே இல்லை.

"எங்க வூடு உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியாது அத்தே. உங்க பையன் இன்பராஜுக்குத் தெரியுமில்ல? அவரு பொறந்து வளந்த வூடு."

சவுரியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணத்துக்கும் போகாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒதுக்கி வைத்திருந்த மருமகள், கண் கலங்க எதிரே நின்றாள்.

"அவரு போன்ல உங்க போட்டோவ எத்தினி தடவ பாத்திருக்கேன். நீங்க உள்ள வந்தப்பவே தெரிஞ்சிடுச்சி. ஆனா அத்தே, நீங்க மாமாவுக்குத் தெரியாமதான வந்திருப்பீங்க? நாங்க வாசல்ல வந்து நின்னா அவரு..."

சவுரியம்மாள் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆம்பூர்ல கலர் மீன் கடை இல்லியா? இந்தக் கடைக்குத்தான் எடுத்துனு போவணும்னு பஸ் ஏத்தி அனுப்பினதே உங்க மாமாதாம்மா."