கங்காணியின் நம்பர்

"கர்ப்பப்பை எடுத்த காயம், பெரியாயி. ரெண்டு மாசத்துக்குத் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தொடக் கூடாது. விளங்கினதோ?"

"ஆமாங்க மிஸ்ஸி."

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்ற தாதி யோகமலருக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை வரவில்லை. போன மாதம் இப்படித்தான் ஒருத்தி ஆமாம் போட்டுவிட்டு பதுளையில் பஸ் ஏறினாள். பத்தே நாளில் கூடை தூக்கி, தையல் பிரிந்து திரும்பி வந்தாள்.

"தோட்டத்தில உங்களை வேலை வாங்கிற கங்காணி ஓய்வெடுக்க விடுவாரோ?"

"லேசுல விடுற ஆளு இல்லீங்க. காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்குறப்ப சத்தம் போட்டா பெரகல சந்தி வரைக்கும் கேக்கும்."

"அந்தாளின்ர நம்பரைத் தாங்கோ. நானே கதைக்கிறன். என்ர வாயைப் பற்றி அந்தாளுக்குத் தெரியாது."

பெரியாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு நம்பரை மனப்பாடமாக ஒப்பித்தாள். யோகமலர் தன் போனில் அழுத்தினாள்.

பெரியாயியின் தலையணைக்கு அடியில் மணி அடித்தது.

ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, மறுகையால் போனை எடுத்துக் காதில் வைத்தாள் பெரியாயி.

"ஹலோ, பெரியாயி கங்காணிதான் பேசுறேன். எனக்கு ரெண்டு மாசம் ஓய்வுன்னா, ஆபரேஷன் பண்ணிட்டு வர்ற நம்ம பொம்பளைங்க எல்லாருக்கும் ரெண்டு மாசம்தாங்க. இனி யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட முடியாதே மிஸ்ஸி, என் தையல் பிரிஞ்சிரும்!"