நடுப்படியில் வாட்ச் சார்

கலவை மெஷின் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. தளம் போடும் நாள். தொடங்கிவிட்டால் முடியும்வரை நிறுத்தக் கூடாத வேலை. சாரத்துப் படிகளில் வரிசையாக நிற்பவர்களின் கைமாறிக் கைமாறி, ஈரச் சட்டிகள் வெயிலில் மின்னிக்கொண்டு மேலே ஏறுகின்றன. யார் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்று அளக்க ஆபீஸ் அனுப்பிய ஆள், இங்கே எல்லோருக்கும் 'வாட்ச் சார்', கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு நடுப்படியில் குடை பிடித்து நிற்கிறார். கழுத்தில் கடிகாரம் தொங்குகிறது. பக்கத்துச் சித்தாள், "சார், தொண்டை வறண்டுபோச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன், இதைப் பிடிங்க" என்று சட்டியை அவர் கையில் திணித்து, குடையை வாங்கிக்கொண்டு இறங்குகிறாள். பேந்தப் பேந்த விழிப்பதற்குள் மேல்படிக்காரன் கை நீட்டுகிறான். கொடுக்கிறார். திரும்பினால் அடுத்த சட்டி. வாங்குகிறார், கொடுக்கிறார், வாங்குகிறார். கலவை வழிந்து சட்டைப் பை நிறைகிறது. கடிகாரத்துக்கு முகமே இல்லை. தண்ணீர் குடித்தவள் கீழே அவர் குடை நிழலில் நின்று ஆற அமர வேடிக்கை பார்க்கிறாள். கடிகாரத்தைத் துடைக்க அவர் ஒரு நொடி கையை நிறுத்துகிறார். அவ்வளவுதான், கீழே சட்டிகள் தேங்கிவிடுகின்றன. தளத்திலிருந்து கொத்தனார் எட்டிக்கூடப் பார்க்காமல் கத்துகிறார்: "எவன்டா அது, நடுவுல சும்மா நிக்கிறவன்?" வாட்ச் சார் பதறிப்போய்ச் சட்டிக்குக் கை நீட்டுகிறார். "இல்லண்ணே, இதோ, இதோ!"